கறுப்பு வீரனுக்கு விழுப்புரத்தில் நடந்தது

ஆசிரியரே, அந்தக் கறுப்பு வீரனை வில்லனாக்கியது நீங்கள்தான். அச்சகம் இல்லை, தபால்காரர் இல்லை, வாசகர்கள் இல்லை. நீங்கள். நீங்கள் சொன்னதைப் படக்கதையின் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுதிய கை என்னுடையது. அதனால் எனக்குத் தெரியும்.

போன மாதம் விழுப்புரத்தில் உங்களுக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு நானும் வந்திருந்தேன். "எண்பதுகளிலேயே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கறுப்பு சூப்பர் ஹீரோவைக் கொடுத்தவன் நான், படக்கதையில் சமூக நீதி பேசியவன் நான்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். சால்வைக்கு மேல் சால்வை போட்டார்கள். அந்தக் கதையைக் கெட்டி அட்டையில் மறுபடியும் வெளியிடப் போவதாகவும் சொன்னீர்கள். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே சொல்வதில் பயன் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். பிளஸ் டூ முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் அண்ணன் அண்ணியோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். அண்ணன் லாரி ஓட்டினான். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அண்ணி குப்பத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து திண்டிவனத்தில் விற்றாள். எனக்கென்று இருந்தது கையெழுத்து ஒன்றுதான். அச்செழுத்து மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் விழுப்புரத்தில் ஒரு படக்கதைப் பத்திரிகையில் வேலை கொடுத்தார்கள்.

பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மல்லாட்டை மண்டிக்கு மேலே ஒரே ஓர் அறை. ஆசிரியருக்குத் திருவாமாத்தூர் பக்கம் நிலம் இருந்தது, மண்டியும் அவர் குடும்பத்துடையதுதான். கீழே வேர்க்கடலை மூட்டை இறங்கும். மேலே நாங்கள் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்போம். தூசி ஏறி வரும், தும்மிக்கொண்டே காப்பாற்றுவோம்.

சூப்பர் ஹீரோ கதைகள் வெளிநாட்டிலிருந்து படங்களாக வரும். பேச்சுக் குமிழிகள் காலியாக இருக்கும். வசனம் ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தனியாகத் தபாலில் வரும். ஆசிரியர் அதைத் தமிழாக்கி எழுதிக் கொடுப்பார். நான் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் குமிழிகளை நிரப்பி மறுநாள் பஸ்ஸில் கொண்டுவருவேன். பிறகு சிவகாசிக்கு அச்சுக்குப் போகும்.

எழுதுவது பாதி வேலை. வெள்ளை போஸ்டர் கலரையும் கறுப்பு மையையும் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துவது மீதி வேலை. வெளிநாட்டுப் பெண்கள் கால் தெரிய நின்றால் நம் பண்பாடு என்ன ஆவது? அவர்களுக்கெல்லாம் நான்தான் பாவாடை கட்டிவிட்டேன். பறந்துகொண்டிருக்கிற பெண்ணுக்குப் பாவாடை வரைவது சாதாரண வேலை இல்லை. அது எந்தப் பக்கம் பறக்கும் என்று அரைநாள் யோசித்திருக்கிறேன். அப்படி மானத்தோடு பறந்தவளுக்கு வசனம் என்னவோ "ஐயோ, காப்பாற்றுங்கள்" தான். அவளும் மலையைத் தூக்குகிறவள்தான். அது வேறு விஷயம்.

முகத்துக்கும் ஒரு முறை இருந்தது. நல்லவன் முகத்தில் கோடு விழக்கூடாது, வெள்ளையாக விட்டுவிட வேண்டும். கெட்டவன் முகத்தில் நெருக்கமாகக் கோடு போட்டுக் கறுக்க வைக்க வேண்டும். "பாத்த ஒடனே தெரியணும்மா. படிச்சி தெரிஞ்சிக்கிறது அப்பறம்" என்பார் ஆசிரியர். இதைச் சொன்னவர் என்னைவிட இரண்டு பங்கு கறுப்பு. நானாவது கடற்கரை வெயிலில் காய்ந்தவள். அவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே அந்த நிறத்தில் இருந்தார்.

ஒரு தீபாவளி மலருக்குப் புதுக்கதை வந்தது. பெரிய துறைமுகம். முதுகில் உலோக இறக்கை கட்டிய ஒரு கறுப்பு மனிதன். கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன். படங்கள் வந்துவிட்டன, வசனத் தாள்கள் வரவில்லை. தந்தி கொடுத்தும் வரவில்லை. ஆசிரியர் படங்களை மேசையில் பரப்பினார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் கதையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இவன்தான் வில்லன்" என்று கறுப்பு மனிதன்மேல் விரலை வைத்தார்.

"எப்படி சார் சொல்றீங்க?"

"மூஞ்ச பாரும்மா."

"அப்ப இந்தக் கோட்டுக்காரன்?"

"கப்பல் முதலாளி. நல்ல மனுஷன். இவனால பேஜாரு பட்டுக்கினு கீறாரு."

அவ்வளவுதான் ஆராய்ச்சி. கறுப்பு மனிதன் ஒருமையில் போய்விட்டான், முதலாளிக்கு மரியாதை வந்துவிட்டது. அதற்குமேல் எல்லாம் சுலபம். எரிகிற கிடங்கிலிருந்து கறுப்பு மனிதன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். ஆசிரியர் அதற்கு எழுதிய வசனம்: "ஹா ஹா, இந்தக் குழந்தையைக் கடத்திச் செல்கிறேன்." துறைமுகத் தொழிலாளர்கள் கைகளில் அட்டைகளோடு கப்பல் கம்பெனி வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். அட்டைகளும் குமிழிகளைப் போலக் காலியாகத்தான் வந்திருந்தன. எல்லா அட்டையிலும் "முதலாளி வாழ்க" என்று எழுதச் சொன்னார். வேலைநிறுத்தம் வரவேற்பு விழா ஆகிவிட்டது. நிலம் வைத்திருக்கிறவர் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு வாழ்க என்றுதான் கேட்கும்போல.

அன்று சாயங்காலம் வீட்டில் பக்கங்களைப் பாயில் பரப்பி வைத்தேன். கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு அண்ணி உள்ளே வந்தாள். கையைக் கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தாள். குமிழிகள் இன்னும் காலியாகவே இருந்தன.

"இன்னாடி இது, நம்ப குப்பத்து ஆளு மாரியே கீறான்" என்றாள்.

"வெளிநாட்டு ஆளு அண்ணி."

"எந்த நாடா இருந்தா இன்னா. ஐயோ பாவம், குடோனு பத்திக்கிச்சி. புள்ள உள்ள மாட்டிக்கினு கீது. இவன் உள்ள பூந்து தூக்கிக்கினு வர்றான்."

"இல்ல அண்ணி, கடத்திக்கினு போறானாம்."

"எவன் சொன்னது?"

"ஆசிரியர் சொன்னாரு."

"அவர கண்ணு டாக்டர பாக்க சொல்லு. கடத்தறவன் எதுக்குடி புள்ளைக்குப் பொக ஏறாம மூக்கப் பொத்தறான்? தோ இந்தக் கோட்டு போட்டவன்தான் நெருப்பு வச்சவன். தூர நின்னுக்கினு சுருட்டு புடிக்கறான் பாரு. சொந்த குடோனு எரிஞ்சா ஒர்த்தன் சுருட்டு புடிப்பானா?"

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கதை புரிந்தது.

எனக்குப் படிக்கத் தெரியும், எழுதவும் தெரியும். அதனால் ஆசிரியர் கொடுத்ததை அப்படியே எழுதினேன். வேலை வேண்டும், வேறென்ன காரணம். ஒரு கட்டத்தில் அந்தக் கறுப்பு மனிதன் தன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையில் துணி கட்டிய, பல் தேய்ந்த, காய்ந்த கிழவி. புயல் ஓய்ந்து அப்பா உயிரோடு கரைக்கு வந்து சேர்ந்த அன்று என் அம்மாவின் முகம் அப்படித்தான் இருந்தது. ஆசிரியர் அவளைச் சூனியக்காரி ஆக்கியிருந்தார். "போ மகனே, இந்த நகரத்தை அழி" என்று அவள் வாயில் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது. இதற்கு மட்டும் நான் வேறு யார்மேலும் பழி போட முடியாது.

தீபாவளி மலர் வந்தது, நன்றாகவும் விற்றது. கதையின் முதல் பாதிதான் அதில். மீதி பொங்கல் மலருக்கு என்று வைத்திருந்தார். தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து வசனத் தாள்கள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன்.

அண்ணி சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. கிடங்கைக் கொளுத்தியது கப்பல் முதலாளி. கறுப்பு மனிதன் அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலியாளின் மகன். தொழிலாளர்களின் அட்டைகளில் இருந்தது "எங்கள் பிள்ளைகளைக் கொளுத்தாதே." இரண்டாம் பாதியின் கடைசிப் பக்கத்தில் முதலாளியின் இரண்டு கைகளிலும் விலங்கு போட்டுப் போலீஸ் இழுத்துப் போகிறது. ஜனங்கள் கையசைக்கிறார்கள், வீரன் பறந்து போகிறான்.

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். பொங்கல் மலரின் முதல் பக்கத்தில் ஒரே வரி போட்டால் போதும் என்றேன். சென்ற இதழில் நல்லவனும் கெட்டவனும் இடம் மாறிவிட்டார்கள், தவறு எங்களுடையது. அவ்வளவுதான் கேட்டேன்.

"ஏம்மா, மூணு கட்டு லெட்டர் வந்துகீது. எல்லாருக்கும் புடிச்சிகீது. எதுக்கு மாத்தணும்?"

"தப்பு சார்."

"நம்ப ஜனங்க கறுப்பா இருக்கிறவன ஹீரோன்னு ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"தியேட்டர்ல கறுப்பா இருக்கிறவங்களுக்குத்தான சார் விசிலு பறக்குது?"

"அது நம்ப கறுப்பு. இது வெளிநாட்டுக் கறுப்பு."

கறுப்பில் உள்நாடு வெளிநாடு என்று இரண்டு ரகம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மல்லாட்டையில் நாட்டு ரகம், ஒட்டு ரகம் என்று பிரித்துப் பழகிய மனிதர், அதனால் சொன்னார் போலிருக்கிறது. நான் எந்த ரகம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

"அந்தக் கைவிலங்கு?" என்று கேட்டேன்.

"வெள்ளை அடிச்சிட்டு பூச்செண்டு போட்டுடு. போலீஸ்காரங்க மரியாத பண்ணி கூட்டிக்கினு போறாங்க. அந்தக் கறுப்பன ஜனங்க வெரட்டறாங்க. கைய தூக்கிக்கினு கீறாங்க இல்ல, அது போதும்."

ஒரு முடிவுக்கும் வராமல் பக்கங்களையும் வசனத் தாள்களையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதத்தில்தான் அதே வீரனின் கதையை வெளிநாட்டில் எடுத்த சினிமா திண்டிவனத்துக்கு வந்தது. மெட்ராஸில் ஓடி, பாண்டியில் ஓடி, தேய்ந்து, கோடு விழுந்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சியாக வந்து சேர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று படத்தில் ஊரே பார்த்துவிடும், அப்புறம் ஆசிரியர் என்ன செய்வார்? அவரிடமே போய்ச் சொன்னேன். "நானும் வர்றேம்மா" என்றார். நான் அண்ணியை அழைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் இருந்த போஸ்டரைப் பார்த்ததும் அண்ணி நின்றுவிட்டாள். மஞ்சள் முடிக்காரன் ஒருவன் இறக்கையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"நம்ப ஆளு எங்கடி?"

"உள்ள இருப்பான் அண்ணி."

உள்ளே இருந்தான். மஞ்சள் முடிக்காரனுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்லவனாம், விசுவாசமானவனாம். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். கிடங்கு எரிந்தது. தொழிலாளர்களையே காணோம், அட்டைகளையும் காணோம், வேலைநிறுத்தத்தையும் காணோம். ரஷ்யாக்காரன் ஒருவன் வந்து நெருப்பு வைத்துவிட்டுப் போனான். மஞ்சள் முடிக்காரனைக் காப்பாற்ற எங்கள் ஆள் குறுக்கே விழுந்து குண்டு வாங்கி, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் செத்துப்போனான். சாகும்போதும் சிரித்தான். அவனுக்கு அம்மா இருந்ததாகவே படத்தில் இல்லை.

தரை டிக்கெட்டில் ஒருவன் சத்தமாகக் கேட்டான். "யோவ், நல்லா பண்ணிக்கினு இருந்தவன சாவடிச்சிட்டு மீதி படத்த எவன வச்சி ஓட்டுவீங்க?" தியேட்டரே சிரித்தது. வெளிநாட்டுக் கறுப்பை நம் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது.

இடைவேளையில் கோலி சோடாக் கடை பக்கம் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. பெண் பார்க்கப் போய் நிச்சயமே முடித்துவிட்டு வந்தவர் மாதிரி.

"பாத்தியாம்மா? எடுத்தவனே மாத்திட்டான். கோடி கோடியா போட்டு எடுக்கிறவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடும்?"

அண்ணி பேசினாள்.

"சார், செத்துப் போனவன எழுப்பிக் காட்ட சொல்லுங்க. நான் திரும்ப டிக்கெட்டு எடுத்துக்கினு வர்றேன். இப்ப கருவாடு மொட்ட மாடில காயுது, காக்கா தூக்கிடும்."

சொல்லிவிட்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தரை டிக்கெட்டிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போகவில்லை.

வழியெல்லாம் எனக்கு எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் ஆசிரியரையாவது ஒரு வகையில் மன்னிக்கலாம். வசனம் வரவில்லை, தீபாவளி வந்துவிட்டது, புத்தி அவ்வளவுதான். அங்கே வசனம் இருந்தது, புத்தகம் இருந்தது, நேரம் இருந்தது, காசு இருந்தது. யார் வீரன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே இறக்கையைக் கழற்றி இன்னொருவனுக்கு மாட்டியிருக்கிறார்கள். விழுப்புரத்து மண்டி மாடியில் கண் தெரியாமல் செய்ததைக் கடல் தாண்டி இருக்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள். உலகம் பெரிசு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பொய்.

அன்றே முடிவு பண்ணிவிட்டேன். இரண்டாம் பாதி முழுவதையும் வசனத் தாளில் இருந்தபடி, எனக்குத் தெரிந்த தமிழில் எழுதினேன். "ஹா ஹா" ஒன்றுகூட இல்லை. கிழவிக்கு ஒரு பக்கம் முழுக்கப் பேச்சு இருந்தது, அதை நிறுத்தி நிதானமாக எழுதினேன். அந்தக் கதையில் "காப்பாற்றுங்கள்" என்று கத்தாத பொம்பளை அவள் ஒருத்திதான். கைவிலங்கைத் தொடவே இல்லை. இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. காலையில் பக்கங்களைக் கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைத்தேன்.

"சார், தாள்ல இருக்கிற மாதிரியே எழுதிட்டேன். விலங்குக்கு வெள்ளை அடிக்கல. நீங்க சொன்ன கதைய இனிமே என் கையால எழுத மாட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான்.

"எழுத்து முத்து முத்தா கீது" என்றார். "மேல காகிதம் ஒட்டி வேற ஆள வச்சி எழுதிக்கிறேன். நீ டீயைக் குடிச்சிட்டு கெளம்பும்மா."

குடித்துவிட்டுக் கிளம்பினேன். வசனத் தாள்கள் என் பையிலேயே இருந்தன. அவர் கேட்கவும் இல்லை, அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்.

பொங்கல் மலரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே புரட்டிப் பார்த்தேன். சொன்னபடி செய்திருந்தார். என் எழுத்தின்மேல் காகிதம், காகிதத்தின்மேல் யாரோ ஒருவரின் கோணல் எழுத்து. வீரனை ஜனங்கள் விரட்டிவிட்டார்கள். கிழவி, "ஐயோ, என் மந்திரம் பலிக்கவில்லையே" என்று அழுதாள். முதலாளியின் கையில் பூச்செண்டு இருந்தது. ஆனால் புதிதாக வந்த ஆள் ஒரு கட்டத்தில் மட்டும் விலங்கை மறைக்க மறந்துவிட்டிருந்தார். அதற்கு அடுத்த இதழின் கேள்வி பதிலில் கண்டமங்கலத்து வாசகர் ஒருவர், நல்லவரான முதலாளிக்கு எதற்குக் கைவிலங்கு என்று கேட்டிருந்தார். ஆசிரியரின் பதில் இது: "அது விலங்கு அல்ல, வெளிநாட்டுச் செல்வந்தர்கள் இரு கைகளிலும் அணியும் நவீன கடிகாரம்."

இரண்டு கடிகாரத்தையும் சங்கிலியால் எதற்குப் பிணைத்திருந்தார்கள் என்று அந்த வாசகர் அடுத்த கேள்வி அனுப்பினாரா, தெரியாது. அனுப்பியிருந்தாலும் வெளிவந்திருக்காது. நான் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் வெளிவரவில்லை.

அதன்பிறகு நான் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்தது. கல்யாணம், பிள்ளைகள், அப்படியே வருஷங்கள் ஓடின. சூப்பர் ஹீரோ படங்கள் இப்போது பெரிய பெரிய திரையில் வருகின்றன. கறுப்பு வீரர்கள் வருகிறார்கள், பெண்கள் பாவாடை இல்லாமலே மலையைத் தூக்குகிறார்கள். என் மகள் கூட்டிப்போகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் வியாபாரம்தான் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் கடைசிவரைக்கும் உயிரோடு இருக்கிறார்கள் பாருங்கள், அதுவே பெரிசு.

இதெல்லாம் பழங்கதை, நானே விட்டிருப்பேன். ஆசிரியரே, நீங்கள் விடவில்லை. அவனை வில்லனாக்கினீர்கள், அவன் தாயைச் சூனியக்காரி ஆக்கினீர்கள், கேட்டவளுக்கு டீ கொடுத்து அனுப்பினீர்கள். இத்தனையும் செய்துவிட்டு இன்று அவனைக் காட்டிச் சால்வை வாங்கிக்கொள்கிறீர்கள். அன்றைக்குக் கறுப்பு விற்காது என்று சொன்ன அதே வாய், இன்றைக்கு அது விற்கிறது என்றதும் சமூக நீதி பேசுகிறது.

அந்த வசனத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. திருடி வந்தேன் என்று சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கூப்பிட்டு ரகசியமாகப் பேச வேண்டாம், ஆள் விட்டுச் சமாதானம் பண்ண வேண்டாம். மறுபதிப்பில் எந்தக் கதை வரப்போகிறது? அண்ணி பார்த்ததா, நீங்கள் எழுதியதா? முதல் பதிப்பில் அவனை வில்லனாக்கியது யார், உண்மை தெரிந்த பிறகும் ஒரே ஒரு வரி திருத்தம் போட மறுத்தது யார்? எந்த மேடையில் சால்வை வாங்கினீர்களோ அதே மேடையில், அதே மைக்கில், அத்தனை பேருக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள்.